பூபதிக்குக் கோபம் வரவேண்டும்

கொஞ்சம் நெருங்கி வாங்க, செல்லங்களா. இன்னும் கிட்ட. என் குரல் தேய்ந்துவிட்டது, தள்ளி உட்கார்ந்தால் பாதிக் கதைதான் வந்து சேரும். இன்றைக்கு ஒரு கதை தருகிறேன். நடந்த கதை இல்லை. இன்னும் முப்பது வருஷம் கழித்து நடக்கப்போகிற கதை. அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் பதில் இல்லை. என் விஞ்ஞானமெல்லாம் கடலை மடித்து வந்த காகிதத்தில் படித்தது. பாதி வரியில் எண்ணெய் இறங்கியிருக்கும், அந்த இடத்தை நானே நிரப்பிக்கொள்வேன். அதனால் கதையைக் கேட்டுவிட்டு நாளைக்கே டாக்டர் முன்னால் போய் நின்று, "என்னை நாலு திட்டுத் திட்டுங்கள்" என்று கேட்டுவைக்காதீர்கள்.

ஈரோட்டில் சாருமதி என்று ஒருத்தி. ஐம்பத்திரண்டு வயது. குடும்ப நீதிமன்றத்தில் ஆலோசகர். பிரிய வந்த புருஷன் பெண்டாட்டியை உட்கார வைத்துப் பேசி, முடிந்தால் ஒரே வண்டியில் வீட்டுக்கு அனுப்புவது அவள் வேலை. அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தாள். கத்துகிறவருக்குக் குளிர்ந்த மோர், கத்தாமல் இருப்பவருக்குச் சூடான டீ. ஒருவர் இறங்குவார், ஒருவர் ஏறுவார், நடுவில் எங்கேயோ சந்தித்துக்கொள்வார்கள். இருபத்தேழு வருஷத்தில் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அவள் புருஷன் இருந்த காலத்தில் அவரும் கேட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

அவளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. தம்பி பூபதியின் எலும்பு மஜ்ஜையை எடுத்து அவளுக்கு மாற்றினார்கள். நன்றாக ஒட்டிக்கொண்டது. அவளுடைய ரத்த வகைகூட மாறித் தம்பியின் வகையாகிவிட்டது. தலையில் முடி முளைத்து, ஊறுகாய் சாப்பிட அனுமதி கிடைத்து, நீதிமன்றத்துக்குத் திரும்பி நாலு மாசம் ஆகியிருந்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ரிஸ்வானா கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"திரும்பி வந்திருக்குங்க மேடம். நூறு அணு எடுத்தா பன்னெண்டு கெட்டதா இருக்கு."

"நல்லா ஒட்டிக்கிச்சுன்னு சொன்னீங்களே டாக்டர்?"

"ஒட்டினதுதாங்க சிக்கல். உங்க தம்பியோட ரத்தம் உள்ள போய்க் காவலுக்கு நிக்கணும். நோயப் பாத்தா 'யார்ரா நீ'ன்னு கேட்டு அடிக்கணும். இது அடிக்கல. நோயோட சமாதானம் பேசி ராசியா உக்காந்திருக்கு."

சாருமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழவேண்டிய இடத்தில் சிரித்தாள். "ஊரையெல்லாம் ராசி பண்ணி வெச்சேன். உள்ள இருக்கறதும் பாத்துக் கத்துக்கிச்சு போல. இப்ப என்ன பண்றதுங்க?"

"தம்பிகிட்ட இருந்து வெள்ளை அணுக்களை மட்டும் மறுபடி எடுத்து உங்களுக்கு ஏத்துவோம். அது பழைய வைத்தியந்தான். இப்பப் புதுசா ஒண்ணு சேந்திருக்கு. ஒரு மனுஷன் நெஜமா கோபப்படறப்ப, அடிக்கிற அணுக்களெல்லாம் பதுங்கின எடத்துல இருந்து ரத்தத்துக்கு வந்து நிக்கும். அந்த நேரத்துல எடுத்தா வேகம் பத்து மடங்கு. சாதாரணமா எடுத்தா உங்க நோய்க்குப் பத்தாது."

"கோபப்படற மாதிரி நடிச்சா?"

"கோபத்த அளக்கறதுக்குக் கொதிமானின்னு ஒரு கருவி இருக்கு, அது காட்டிக் குடுத்துரும். எழுபதத் தொடணும்."

"எடுக்காமயே விட்டுட்டா?"

டாக்டர் மேசை மேலிருந்த காகிதத்தை நேராக வைத்தார். "வர்ற ஆடியப் பாக்கறது கஷ்டங்க."

அப்போது பங்குனி.

சாருமதி பயந்தது நோய்க்கு இல்லை. பூபதிக்குக் கோபம் வரவேண்டும் என்றார்களே, அதற்குத்தான். பூபதி பெருந்துறைப் பக்கம் மஞ்சள் விவசாயம். மாட்டைக்கூட 'வாங்க' என்று கூப்பிடுகிறவன். தன் காலை மிதித்தவரிடம் "என் கால் உங்க காலுக்குக் கீழ வந்துருச்சுங்க, மன்னிச்சுக்குங்க" என்று இவன் சொல்வான்.

முதல் நாள் அவனை ஒரு சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, இரண்டு கையிலும் குழாய் பொருத்தினார்கள். ஒரு குழாய் வழியாக ரத்தம் இயந்திரத்துக்குள் போய், மறு குழாய் வழியாகத் திரும்பி வரும். தலைமாட்டில் கொதிமானியின் திரை. பதினொன்று காட்டியது. எதிர் நாற்காலியில் சாருமதி. நர்ஸ் சகாயமும் டாக்டரும் பக்கத்தில் நின்றார்கள். சாருமதிக்கு வேலை இதுதான், தம்பியைத் திட்டு என்று சொல்லிவிட்டார்கள்.

"உன் மஞ்சள் இந்த வருஷம் பாக்கவே சகிக்கல பூபதி" என்று ஆரம்பித்தாள் சாருமதி.

"ஆமாங்க்கா. மழ பத்தலீங்க."

"உன் பொண்ணு பாடுனா பல்லு கூசுது."

"அவளுக்கே தெரியுமுங்க்கா. அதனாலதான் இப்ப வீணைக்கு மாறிட்டா."

பதினொன்று அசையவில்லை. சகாயம் முன்னால் வந்து இடுப்பில் கை வைத்தாள். "சார், வாசல்ல நின்ன உங்க புது வண்டி மேல என் வண்டிய ஏத்திட்டேன். முன்பக்கம் போச்சு."

பூபதி பதறி எழப்பார்த்தான். "அய்யோ! உங்களுக்கு அடிகிடி படலீங்களே?"

ஒன்பது.

"குறையுது!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் சகாயம். "இவருக்கு ஏத்த வேண்டியது கோபமில்ல டாக்டர், காரம்."

அன்றைக்கு எதுவும் எடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். சாருமதி ஆஸ்பத்திரி அறையில் உட்கார்ந்து யோசித்தாள். இருபத்தேழு வருஷமாகக் கோபத்தை அணைத்துப் பழகியவளுக்கு அதைப் பற்றவைக்கத் தெரியவில்லை. தீயணைப்பு வண்டியை அடுப்பு மூட்டக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. ஆனால் பூபதியைக் கொதிக்க வைக்கிற ஒன்று அவளிடம் இருந்தது. இருந்ததால்தான் இத்தனை நாள் அதன் பக்கமே போகவில்லை.

மறுநாள் அவன் கைகளில் குழாய் ஏறியதும், அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பூபதியின் மனைவி தாரணி, கொண்டுவந்த கொய்யாப்பழத்தை மூலையில் உட்கார்ந்து நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பூபதி, யாழினிய ஞாபகமிருக்கா?"

அவன் தாரணியைப் பார்த்தான். தாரணி கத்தியை நிறுத்தவில்லை. "பவானிப் பொண்ணுதானே? கல்யாணமான மறுநாளே சொல்லிட்டாரு. நீங்க சொல்லுங்க அண்ணி."

"இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால, நீ அவளக் கட்டிக்கறேன்னப்ப, வேற சாதின்னு அப்பா குதிச்சாரு. நீ சாப்பிடாம படுத்துட்ட. நான் போய் அந்தப் பொண்ணப் பேசிட்டு வந்து, 'அவளே வேண்டாம்னுட்டா'ன்னு உங்கிட்டச் சொன்னேன்."

"ஆமாங்க்கா."

"அவ அப்பிடிச் சொல்லல. உனக்கு மனசு மாறிப்போச்சுன்னு நான் அவகிட்டச் சொன்னேன். அவளுக்கு மனசு மாறிப்போச்சுன்னு உங்கிட்டச் சொன்னேன். மூணே நாள்ல வீடு அமைதியாயிருச்சு."

பூபதி கண்ணை மூடிக்கொண்டான்.

"அதோட நிக்கல. உன் கல்யாணத்துல கூறைச்சேலைக் கூடையத் தூக்கிட்டு, கூடப் பொறந்தவ செய்யற இணைச்சீருக்கு உன் பக்கத்துல நின்னு சிரிச்சேன். வேலைக்குச் சேந்த பின்னால, பேரை மட்டும் மாத்தி, இதையே பயிற்சி வகுப்புல சொல்லிக் குடுத்தேன். 'வழக்கு எண் ஒண்ணு'ன்னு. கை தட்டுனாங்க."

சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தாள். எண்பதோ தொண்ணூறோ இருக்கும் என்று நினைத்தாள். நாலு.

அவன் கண்ணோரம் நீர் இறங்கியது. துடைக்கக் கை இல்லை, இரண்டிலும் குழாய். எழுந்து போகவும் வழியில்லை. தாரணி வந்து தன் முந்தானையால் துடைத்துவிட்டு, மறுபடி மூலையில் போய் உட்கார்ந்தாள். துக்கத்துக்குக் கொதிமானியில் இடமில்லை.

சாருமதிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தம்பியையும் இழந்தாயிற்று, மருந்தும் கிடைக்கவில்லை. இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக யாரும் காரியத்தைக் கெடுக்க முடியாது. உடனே அவளுடைய பழைய தொழில் வாய்க்கு வந்தது. மோர் கொடுக்கிற அந்தக் குளிர்ந்த குரல்.

"சரி, விடு பூபதி. சிஸ்டர், குழாயக் கழட்டிருங்க. நான் ஐம்பத்திரண்டு வருஷம் இருந்துட்டேன், போதும். உனக்குச் செஞ்சதுக்கு இது சரிதான். இந்த நோயோட நான் ராசியாப் போயிக்கறேன். நீ மனசக் கஷ்டப்படுத்திக்காம ஊருக்குப் போ."

"என்ன சொன்ன?"

அந்தக் குரலை அந்த அறையில் யாரும் அதுவரை கேட்டதில்லை. தாரணியின் கையிலிருந்து கொய்யா உருண்டது.

"உன்ன யாரு ராசி பேசச் சொன்னா? எங்கூட்டுக்கு ராசி பேசுன. ஊருக்கெல்லாம் ராசி பேசுன. இப்பச் சாவுகிட்டயும் போய் ராசி பேசறயா? என் பொழப்ப எனக்குத் தெரியாமயே முடிச்சு வெச்சுட்டு, நான் ஏன்னு ஒரு வார்த்த கேக்கறதுக்குள்ள செத்துப்போறேங்கற? உட்டுருவனா நானு? இரு! உசுரோட இருந்து பதில் சொல்லு!"

"டாக்டர்!" என்று கத்தினாள் சகாயம். "தொண்ணூத்தி நாலு! ஓட விடுங்க, ஓட விடுங்க!"

இயந்திரம் மூன்று மணி நேரம் ஓடியது. மூன்று மணி நேரமும் பூபதி திட்டினான். இருபத்தேழு வருஷத்துத் திட்டு. பொழுதோடு பெருந்துறைக்குக் கிளம்பும்போது அக்காவின் பக்கம் திரும்பாமலே போனான். அவனுடைய கோபம் ஒரு சின்ன மஞ்சள் நிறப் பையாக, சாருமதியின் தலைக்கு மேல் தொங்கி, சொட்டுச் சொட்டாக அவளுக்குள் இறங்கியது.

பத்து நாளில் அவள் உள்ளங்கை சிவந்து அரிக்கத் தொடங்கியது. "நல்லதுங்க" என்றார் டாக்டர். "அணுக்கள் வேலை செய்யுதுன்னு அர்த்தம். இந்த அளவோட நிக்கணும், கூடினா சொல்லுங்க." நூற்றுக்குப் பன்னிரண்டு இருந்த கெட்ட அணுக்கள் ஐந்தாக இறங்கியிருந்தன. "இன்னொரு தடவை ஏத்தணும். மூணு வாரம் கழிச்சுத் தம்பிய வரச் சொல்லுங்க."

வரச் சொல்வதா? அவன் போனையே எடுக்கவில்லை. சாருமதி உள்ளங்கையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பி பேசவில்லை, தம்பியின் கோபம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஒரு வெட்கங்கெட்ட நிம்மதியும் இருந்தது. இந்தக் கோபம் ஆறாது, அடுத்த தடவை நாற்காலியில் படுத்த உடனே எழுபதைத் தொட்டுவிடும் என்று கணக்குப் போட்டாள். அவன் மன்னிக்காமல் இருக்கவேண்டும் என்று சாமி கும்பிட்டாள். எந்தச் சாமியும் கேட்டிராத வேண்டுதல்.

சொன்ன நாளில் பூபதி வந்தான். தாரணியும் கூட வந்தாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

வேண்டுதல் பலிக்கவில்லை என்று சாருமதிக்குத் தெரிந்துவிட்டது.

இந்தத் தடவை எடுத்த உடனே ஏற்றிவிடலாம் என்று அவளையும் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். அவளுடைய நாடி, ரத்த அழுத்தம், எல்லாம் பார்க்க அவள் தலைமாட்டிலும் ஒரு திரை. அக்காவும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில், ஆளுக்கொரு திரையோடு. பூபதியின் திரையில் பத்து.

"ஏன் பூபதி, கோபம் போயிருச்சா?" என்று கேட்டாள். ராசியாகிவிட்டதா என்று பயந்து கேட்கிற ஆலோசகர் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"அத ஏங்க்கா கேக்கறீங்க! தாரணிதான் என்னக் கூட்டிட்டுப் போனா. யாழினியப் பாக்கறதுக்கு."

"நான்தான் அண்ணி" என்றாள் தாரணி. "மூணு நாளா மனுஷன் தோட்டத்துல போய் மாட்டுகிட்ட நாயம் கேட்டுட்டு இருந்தாரு. மாடு என்ன பண்ணும்? வாங்க, நேராப் போய்க் கேட்டுட்டு வந்துரலாம்னு வண்டியேத்திட்டேன். அந்தியூர்ல பள்ளிக்கூடத்துல பெரிய டீச்சரா இருக்காங்க. நல்ல மாதிரி. எலுமிச்சஞ்சாறு குடுத்தாங்க."

"என்ன சொன்னா?"

பூபதி சிரித்தான். "எல்லாத்தையும் சொன்னனுங்க. அவங்க பாதியிலயே சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. 'உங்கக்கா வந்து சொன்னப்ப எனக்குத் தல பாரம் எறங்குன மாதிரி இருந்துச்சுங்க. எப்பிடி வேண்டாம்னு சொல்றதுன்னு நானே முழிச்சுட்டு இருந்தேன். ரெண்டு வருஷம் ஒரே பஸ்ல வந்தோம். நீங்க மொத்தமாப் பேசுனது, டிக்கெட் எடுத்தாச்சுங்களா, அவ்வளவுதான்'னாங்க."

"இன்னொண்ணும் சொன்னாங்களே" என்று எடுத்துக்கொடுத்தாள் தாரணி.

"ஆமா. 'நீங்க தங்கமானவருங்க. ஆனா உங்க பக்கத்துல உக்காந்தா எனக்குத் தூக்கம் வந்துரும்'னாங்க."

தாரணி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சகாயமும் சிரித்தாள். டாக்டர் மட்டும் பூபதியின் திரையைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். எட்டு.

"தூக்கம் வருமா?" என்றாள் சாருமதி.

"சும்மா சிரிப்புக்குச் சொன்னதுங்க்கா."

"யாரு சிரிக்கறது? என் தம்பி பக்கத்துல உக்காந்தா அவளுக்குத் தூக்கம் வருமா? நீ அந்தப் பஸ்ல எடம் புடிச்சுக் குடுத்துட்டு ரெண்டு வருஷம் நின்னுட்டே போனயே! அவ உக்காந்து தூங்குனாளாமா?"

"விடுங்க்கா. இப்ப எல்லாம் நல்லதாப் போச்சுங்களே. அவங்களுக்கும் வேண்டாம், நீங்க சொன்னதும் ஒரு வகையில நெசமாப் போச்சு. தப்புன்னு ஒண்ணுமே இல்லீங்க. நாம ராசியாயிக்கலாம்."

"ராசியா?"

சாருமதி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்கே அவள் குரல் புதிதாக இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்க்கலாம் போலிருந்தது.

"தப்பு இல்லைங்கறயா? அவ என்ன சொன்னா எனக்கென்னடா? நான் போனப்ப அவ மனசுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியுமா? நான் கேக்கவே இல்ல! உங்கிட்டயும் கேக்கல! அப்பாவுக்கு எதுக்க ஒரு வார்த்த பேசத் துப்பில்லாம, ரெண்டு பொய்யச் சொல்லி, அதுக்கு சமாதானம்னு பேரு வெச்சு, இருபத்தேழு வருஷம் அத வெச்சுப் பொழச்சிருக்கேன். எத்தன பொண்ணுங்களுக்கு 'போனாப் போகுது, சேந்து இரு'ன்னு டீ குடுத்து அனுப்பிருப்பேன்! அதுல எத்தன பேரு வாங்குன அடிய மறைச்சுட்டுப் போனாளுகளோ! நீ வந்து அரைக் குவளை எலுமிச்சஞ்சாறக் குடிச்சுட்டு எல்லாம் சரியாப் போச்சுங்கற. சரியாகலடா! நான் உன்ன ஏமாத்துனேன். அது ஏமாத்துனதுதான். மாறாது!"

கத்தி முடித்து மூச்சு வாங்கினாள். தொண்டை எரிந்தது. ஐம்பத்திரண்டு வயதில் முதல் கோபம். பல் முளைக்கிற குழந்தை மாதிரி உடம்பெல்லாம் நடுங்கியது. அசிங்கமாகவும் இருந்தது, யாரும் சொல்லித்தராத சுகமாகவும் இருந்தது.

டாக்டர் ரிஸ்வானா பூபதியை விட்டுவிட்டு, சாருமதியின் தலைமாட்டில் வந்து நின்றார். அவளுடைய நாடி ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தார்.

"சிஸ்டர், கொதிமானிய அங்க கழட்டி இங்க மாட்டுங்க."

"இவங்க நோயாளி டாக்டர். எடுக்க வேண்டியது அவருகிட்ட..."

"மாட்டுங்க."

மாட்டினாள். தொண்ணூற்றேழு.

டாக்டர் பக்கத்திலிருந்த முக்காலியில் மெல்ல உட்கார்ந்தார். "நாம எவ்வளவு படிச்ச முட்டாளுங்க பாத்தீங்களா? ஒரு வருஷமா இவங்களுக்குள்ள ஓடறது யாரோட ரத்தம்? தம்பியோடது. அடிக்கிற ஆளுங்க எல்லாம் உள்ளயே இருக்காங்க. அவங்களை எழுப்பறதுக்கு நாம அடுத்த வீட்டுக் கதவத் தட்டிட்டு இருந்தோம்."

"அப்ப, நானே..." என்றாள் சாருமதி.

"நீங்களே கோபப்பட்டிருக்கணும். ஒரு தடவையாவது. இது வேலை செய்யுமான்னு எந்தப் புத்தகத்துலயும் இல்ல மேடம். நாற்பது நாள் பாக்கலாம். வாரத்துக்கு ரெண்டு தடவை, நெஜக் கோபம். முடியுமா?"

"பழக்கமில்லீங்க டாக்டர். கத்துக்கறேன்."

அதற்குப் பின்னால் அவள் பூபதியின் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சுக்கோ" என்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள். அவன் அதற்கு முன்பே கையைத் தூக்கினான், குழாயோடு.

"இப்பக் கேக்காதீங்க்கா. நீங்க சொன்னதுதான் சரி. நானுந்தான் அவசரப்பட்டு ராசி பேசிட்டன். அது ஏமாத்துனதுதானுங்க. எனக்கு இன்னுங் கொஞ்ச நாள் ஆகும்."

"எவ்வளவு நாள் வேணும்னாலும் ஆகட்டும்" என்றாள் சாருமதி. "நான் இங்கதான் இருப்பேன்."

நாற்பதாம் நாள் எடுத்த ரத்தத்தில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தென்படவில்லை. டாக்டர் 'குணமாகிவிட்டது' என்ற வார்த்தையைச் சொல்லவில்லை, 'இப்போதைக்கு இல்லை' என்றார். சாருமதி நீதிமன்றத்துக்குத் திரும்பினாள். முதல் வாரத்திலேயே ஒரு புருஷன், "கை சும்மா லேசாத்தானுங்க பட்டுச்சு" என்று சிரித்தான். அவன் கையில் அவள் கொடுத்த மோர் இருந்தது. அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவள் பேசிய பேச்சுக்கு, வராந்தாவில் நின்ற வக்கீல்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் பெண்டாட்டி அன்றைக்கு அவனோடு ஒரே வண்டியில் போகவில்லை. சாருமதி அதைத் தோல்விப் பக்கத்தில் எழுதப் போய், பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள்.

ஆடி வந்தது. அவள் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூபதி வருவான். சாப்பிடுவான். குழம்பில் உப்பு ஏறிவிட்டது என்று முகத்துக்கு நேரே சொல்வான், அவள் எழுந்து நின்று சண்டை போடுவாள், தாரணி இன்னும் ஒரு கரண்டி சோறு வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்ப்பாள். ராசியாகிவிட்டார்களா என்று என்னைக் கேட்காதீர்கள். ஒவ்வொரு வாரமும் கிளம்பும்போது சாருமதி வாசல்வரை வந்து அவன் முகத்தைப் பார்ப்பாள். "இன்னும் இல்லீங்க்கா" என்பான் அவன். "சரி, அடுத்த வாரம் வா" என்பாள் அவள்.

கதை அவ்வளவுதான், செல்லங்களா. எழுந்திருங்க, கால் மரத்திருக்கும். உங்கள் வீட்டில் அடுப்பு நல்லபடியாக எரியட்டும். படுத்தவர் எழுந்து நடக்கட்டும், ஓடுகிற ரத்தம் விழித்து ஓடட்டும். சொல்லவேண்டிய கோபத்தைச் சொல்ல வாயும், அதைக் கேட்டுவிட்டு எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்க ஒரு ஆளும் உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கட்டும். சண்டை போட்ட கையோடு சேர்ந்து சாப்பிட்டு, நூறு வருஷம் நல்லா இருங்க.